கிளென் ஈடன்: மில்ரனின் சிறிய பனிச்சறுக்கு மலை

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலை வழியே மேற்கே போகிறவர்கள், மில்ரன் நகரைத் தாண்டும் நேரத்தில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால், மரம் அடர்ந்த நீண்ட பாறைமுகடு ஒன்றையும், அதன் முகத்தில் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டதுபோன்ற வெள்ளைக் கோடுகளையும் காண்பார்கள். அதுதான் கிளென் ஈடன் பனிச்சறுக்கு மலை. கெல்சோ என்னும் பாதுகாக்கப்பட்ட பூங்காவின் ஒரு பகுதியாக இருக்கும் இந்த இடத்துக்கு எங்கள் குடும்பம் எட்டு ஆண்டுகளாகப் போய்வருகிறது. பனிக்காலத்தில் மட்டுமன்றிக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் போயிருக்கிறோம். மிசிசாகாவிலும் பிறம்ரனிலும் மில்ரனிலும் வசிக்கும் என் நண்பர்களும் உறவினர்களும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இந்த மலையைக் காருக்குள்ளிருந்து பார்த்தபடியே கடந்து போகிறார்கள். அதில் ஏறிப் பார்த்தவர்களோ மிகச் சிலர். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கிளென் ஈடனின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான உயரம் ஏறத்தாழ 73 மீற்றர்தான். இதே ஒன்ராறியோவில், கொலிங்வுட் நகரத்துக்கு அருகிலுள்ள புளூ மவுண்டனின் சறுக்கு உயரம் ஏறத்தாழ 219 மீற்றர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிளாக்கோம் மலையிலோ அது ஒரு மைல், அதாவது 1,600 மீற்றருக்கும் சற்று மேல். பழகியவர் ஒருவர் கிளென் ஈடனின் உச்சியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் கீழே வந்துவிடுவார். இதை ஒரு குறையாகவே பலரும் சொல்கிறார்கள். சறுக்கத் தெரிந்தவருக்கு அது குறைதான். ஆனால் பழகத் தொடங்குபவருக்கு, குறிப்பாக ஒரு குழந்தைக்கு, இந்த உயரக்குறைவைவிடப் பெரிய வசதி வேறொன்றும் இல்லை என்பது என் அனுபவம்.

பனிச்சறுக்கில் ஒருவர் கற்றுக்கொள்வது எல்லாம் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. புறப்படுதல், வேகத்தை அடக்குதல், திரும்புதல், நிற்றல் ஆகிய நான்கும் உடம்பில் ஊறுவதற்கு ஒரே சரிவில் பல தடவை இறங்கியாக வேண்டும். பெரிய மலையில் பயந்துபோன பிள்ளை, பாதி வழியில் நின்று அழத் தொடங்கினால், இன்னும் ஒரு கிலோமீற்றரையோ இரண்டு கிலோமீற்றரையோ இறங்கித்தான் தீர வேண்டும். இங்கே அப்படி இல்லை. அடிவாரத்தில் நிற்கும் தாய்க்கோ தந்தைக்கோ, உச்சியில் புறப்படும் தங்கள் பிள்ளையின் தலைக்கவசத்தின் நிறம் தெரியும், விழுந்தால் தெரியும், எழுந்து கையை அசைத்தாலும் தெரியும். இரண்டு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை இறங்கிவிடலாம். ஒரு தடவையில் செய்த பிழை, மறந்துபோவதற்கு முன்பே அடுத்த தடவையில் திருத்தப்படுகிறது.

என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது இங்கே முதன்முறையாக வந்தோம். அதற்கு முந்தைய பனிக்காலத்தில் வேறொரு மலைக்குப் போயிருந்தோம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே வாடகைக்குக் கொடுக்கப்பட்ட சப்பாத்து அவளுடைய காலைவிட இரண்டு அளவு பெரிதாக இருந்தது என்பது, அவள் அரை மணி நேரம் அழுத பின்னர்தான் எங்களுக்குப் புரிந்தது. கால் உள்ளே தளர்ந்து ஆடும்போது சப்பாத்தில் பூட்டிய சறுக்குப் பலகை அவள் சொல்வதைக் கேட்கவில்லை, பயம் ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு அவள் மறுபடி பலகையில் ஏறவே இல்லை. ஆகவே கிளென் ஈடனுக்கு வந்தபோது, நான் மிகவும் கவனித்துப் பார்த்தது சரிவையோ மேலேற்றும் லிஃப்றையோ அன்று, வாடகை மேசையைத்தான்.

அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் புதிதாகப் போகும் நம் குடும்பங்களுக்கு இது உதவும். பணியாளர் முதலில் மகளின் குளிர்காலச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அவள் காலில் இரண்டு கம்பளிக் காலுறைகள் இருந்தன. குளிரும் என்று நாங்கள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்திருந்தோம். அதில் ஒன்றைக் கழற்றும்படி அவர் தன்மையாகச் சொன்னார். இரண்டு காலுறை போட்டால் கால் இறுகி இரத்தவோட்டம் குறையும், வியர்வை தங்கும், அதனாலேயே கூடுதலாகக் குளிரும் என்று விளக்கினார். பிறகு அளவுப் பலகையில் அவளை நிமிர்ந்து நிற்கச் செய்து, பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளந்தார். ஸ்கீச் சப்பாத்தின் அளவு என்பது நாம் கடையில் கேட்கும் ஏழு, எட்டு என்ற எண் அன்று. பாதத்தின் சென்ரிமீற்றர் நீளமே அதன் அளவு. சப்பாத்தை மாட்டி, கொக்கிகளை இறுக்கிய பின்னர், நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தைத் தொடுகிறதா, முழங்காலை மடித்து முன்னே சாய்ந்தால் அந்த விரல் பின்வாங்குகிறதா என்று அவளிடமே கேட்டார். இரண்டுக்கும் அவள் ஆம் என்று தலையசைத்த பிறகுதான் அடுத்த மேசைக்கு அனுப்பினார்.

அடுத்த மேசையில் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தத் தகவல்களையும் சப்பாத்தின் அடிநீளத்தையும் வைத்துத்தான், விழும்போது பலகை காலிலிருந்து எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதைப் பலகையின் பிணைப்பில் திருகி அமைக்கிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் பலகை தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடும். கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுகிவிடும். பெரியவர்களும் இந்த இடத்தில் உண்மையான எண்ணைச் சொல்ல வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தொடக்கக்காரர்களுக்கான பகுதி, பெரிய சரிவுகளிலிருந்து விலகி, ஏறத்தாழச் சமதளமாக இருக்கிறது. மேலே செல்வதற்கு மஜிக் கார்ப்பெற் என்று அழைக்கப்படும் நகரும் பட்டை இருக்கிறது. விமான நிலையத்தில் பொதிகள் வரும் பட்டையைப்போல அது மெல்ல நகர, பிள்ளைகள் பலகையோடு அதன்மேல் நின்றபடியே ஏறிவிடுகிறார்கள். பயிற்றுநர்கள் சிறு பிள்ளைகளுக்குப் பீட்சா, பிரெஞ்ச் ஃப்ரைஸ் என்ற இரண்டு சொற்களை வைத்தே பாதிப் பாடத்தை நடத்துகிறார்கள். பலகைகளின் முனைகளைச் சேர்த்து, வால்களை விரித்து, ஆப்பு வடிவமாக்கினால் அது பீட்சாத் துண்டு: வேகம் குறையும். இரண்டையும் இணையாக வைத்தால் அது உருளைக்கிழங்குப் பொரியல்: வேகம் கூடும். என் மகள் முதல் நாள் முழுவதும் பீட்சாவிலேயே இறங்கினாள். மாலையில், தானாகவே ஒரு முறை இடப்பக்கம் திரும்பி நின்றபோது, அவள் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த படி செயார்லிஃப்ற். கம்பியில் தொங்கிச் செல்லும், நால்வர் அமரும் கதிரை அது. நிற்காமல் சுழன்றுவந்து முழங்காலின் பின்புறத்தைத் தொடும். தொட்ட கணத்தில் உட்கார வேண்டும். சிறு பிள்ளையோடு வரிசையில் வரும்போது பணியாளருக்குக் கையைக் காட்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். உட்கார்ந்ததும் பாதுகாப்புச் சட்டத்தைக் கீழே இழுத்துவிட வேண்டும். வட்டப் பச்சைக் குறி எளிய பாதை, சதுர நீலக் குறி நடுத்தரம், கறுப்பு வைரக் குறி கடினம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கனடாவின் எல்லா மலைகளிலும் பொதுவான ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது: நமக்குக் கீழே சறுக்கிக்கொண்டிருப்பவருக்கே முதல் உரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். சாலையில் பின்னால் வரும் காரின் பொறுப்பைப் போன்றது அது.

இனிப் பனியைப் பற்றி. தெற்கு ஒன்ராறியோவின் குளிர்காலம் நம்பத்தக்கதன்று. ஜனவரியிலும் மழை பெய்யும்; ஒரே வாரத்தில் பனி உருகிப் பிறகு மறுபடி உறையும். வானத்திலிருந்து விழும் பனியை மட்டும் நம்பினால் இப்படிப்பட்ட மலை ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆகவே சரிவுகளை மூடியிருப்பது பெரும்பாலும் செய்பனிதான். அடிவாரத்தில் கெல்சோ நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்த நீரைக் குழாய்வழி மேலேற்றி, அழுத்தக் காற்றோடு கலந்து, நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறார்கள். துளிகள் நிலத்தைத் தொடுமுன் உறைந்துவிடுகின்றன. இதற்கு வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை, ஏறத்தாழ -2 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க வேண்டும். வறண்ட காற்றுள்ள இரவில் நல்ல பனி கிடைக்கும். ஈரம் மிகுந்த இரவில், அதே குளிரிலும் சேறுபோன்ற கனமான பனிதான் விழும். செய்பனி இறகுபோன்ற வானத்துப் பனியைப்போல இருக்காது. அது நெருக்கமான பனிமணிகளின் படுகை. மிதமான வெயிலைத் தாங்கி நிற்பதும், காலை வேளையில் கண்ணாடிபோல இறுகிவிடுவதும் அந்த நெருக்கத்தினால்தான். இறுகிய நாட்களில் பலகையின் ஓரம் கூர்மையாக இருப்பது முக்கியம். தொடக்கக்காரர்கள் அப்படிப்பட்ட காலையைத் தவிர்த்து, பதினொரு மணிக்குப் பிறகு போவது நல்லது.

ஒரு டிசம்பர் இரவு, லிஃப்றிலிருந்து இறங்கி நின்று அந்த இயந்திரங்கள் பனி பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் வெண்புகை வளைந்து விழுந்தது. எங்கள் கையுறைகளின்மேல் மாவுபோல ஒட்டியது. ஜூலையில் நாங்கள் படகு வலித்த அதே ஏரியின் நீர் அது என்று மகளிடம் சொன்னேன். அவள் கையுறையை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இது அந்த ஏரியோ?" என்று கேட்டாள்.

அந்த ஏரி எப்படி வந்தது என்பதை அறிந்தால் இந்த இடத்தின்மீது தனி மதிப்பு ஏற்படும். கிளென் ஈடனை நடத்துவது தனியார் நிறுவனம் அன்று. கொன்சர்வேசன் ஹால்ரன் என்னும் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்பு அமைப்பு. ஒன்ராறியோவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறுகளின் நீர்ப்பிடிப்பு எல்லைகளை அடிப்படையாகக் கொண்டு இத்தகைய அமைப்புகள் உருவாயின. 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி ரொறன்ரோப் பகுதியைத் தாக்கி, ஒன்ராறியோவில் 81 பேரின் உயிரைக் கொண்டுபோன பிறகு, வெள்ளத் தடுப்பு அவற்றின் தலையாய பணியாயிற்று. அணைகள் கட்டப்பட்டன, வெள்ளச் சமவெளிகள் குடியிருப்புகளுக்கு விடப்படாமல் பூங்காக்களாயின. சிக்ஸ்ரீன் மைல் கிறீக் என்னும் ஓடையின் வெள்ளத்திலிருந்து மில்ரனையும் அதற்குக் கீழேயுள்ள ஊர்களையும் காப்பதற்காக, 1960களின் தொடக்கத்தில் எழுந்த அணையின் பின்னால் தேங்கிய நீர்தான் கெல்சோ ஏரி. ஊரைக் காக்கும் அணை ஒன்று, கோடையில் குளிக்கும் கரையாகவும் குளிர்காலத்தில் பனியாகவும் பயன்படுகிறது. நாம் வாங்கும் அனுமதிச்சீட்டுப் பணம் ஒரு பொது அமைப்புக்குச் செல்கிறது என்பதும் எனக்கு நிறைவு தருகிறது.

கோடைக்காலத்தில் கெல்சோவின் முகம் வேறு. மணற்கரையில் பிள்ளைகள் நீராடுகிறார்கள். கனூ, கயாக், மிதிபடகு ஆகியவை வாடகைக்குக் கிடைக்கின்றன. பனிக்காலத்தில் சறுக்குவோர் இறங்கும் மலைக்குள்ளும் மேலும் மலைச்சைக்கிள் தடங்கள் ஓடுகின்றன. வேரும் கல்லும் நிறைந்த அந்தத் தடங்கள், சாதாரணச் சைக்கிளுக்கும் பழகாத சிறுவர்களுக்கும் ஏற்றவையல்ல என்பதை மறக்க வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை கோடையில் சிறந்தது நடைபாதைதான். 1967இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளும் புரூஸ் நடைபாதை இந்த முகட்டின் வழியே செல்கிறது. அதில் நாங்கள் நடந்தது இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். அதற்கே அரை நாள் இன்பமாகக் கழிந்தது. மேலே போனதும் கீழே ஏரியும், மரங்களுக்கிடையே சரக்குத் தொடருந்துப் பாதையும், அப்பால் 401இன் கார்களும் தெரியும். நெடுஞ்சாலையின் இரைச்சல் மேலேயும் ஓயாது கேட்கும். முழு அமைதியை நாடிப் போகிறவர் இதை எதிர்பார்த்துப் போக வேண்டும்.

ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் நான் அக்டோபர் மாதத்தைத்தான் சொல்வேன். நன்றியறிதல் நாளை ஒட்டிய வாரங்களில் மேப்பிள் மரங்கள் சிவந்தும் மஞ்சளாகியும் நிற்கும்; அந்தக் காலத்தில் இலை பார்க்க வருவோருக்காகவும் செயார்லிஃப்றை ஓட்டுகிறார்கள். பலகை வேண்டாம்; சப்பாத்து வேண்டாம். எழுபத்தொரு வயதான என் தாயாரை அப்படித்தான் மலைமேல் கொண்டுபோனோம். முழங்கால் வலியால் படியேறவே தயங்கும் அவர், சேலைக்கு மேலே கனத்த மேலங்கி அணிந்து, என் மனைவிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். சட்டத்தை இறக்கியதும் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். பாதி வழி போனதும் ஒரு கையை விட்டார். மேப்பிள் கிளைகளின் உச்சி எங்கள் காலுக்குக் கீழே வந்தபோது, மரத்தை மேலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

மேலே அவர் நெடுநேரம் பார்த்தது மரங்களை அன்று, கல்லைத்தான். எஸ்கார்ப்மென்ற் எனப்படும் இந்த நயாகராப் பாறைமுகடு, நயாகரா ஆற்றங்கரையிலிருந்து ரொபர்மோரி வரை 725 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒன்ராறியோவைக் குறுக்கறுத்துச் செல்கிறது. நயாகரா நீர்வீழ்ச்சி விழுவதும் இதே முகட்டின் விளிம்பிலிருந்துதான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இங்கே இளஞ்சூடான ஆழமற்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் பவளப்பாறைகளும் படிந்து இறுகியதே மேலேயுள்ள டொலமைற் கல். அதன் அடியிலுள்ள மென்மையான களிப்பாறை முதலில் அரிந்துபோக, மேல்கல் விளிம்பாக நீட்டி நின்று, பின்னர் உடைந்து விழுகிறது. யுனெஸ்கோ 1990இல் இந்த முகட்டை உயிர்மண்டலக் காப்பகமாக அறிவித்தது. இதன் செங்குத்துப் பாறைகளில் ஆளுயரம்கூட இல்லாமல் முறுகி வளர்ந்திருக்கும் வெண் சீடர் மரங்களுள் சில ஆயிரம் ஆண்டுகளையும் கடந்தவை என்பதைக் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். மலைமேல் செல்லும் நடைபாதையை ஒட்டி, இந்தக் கல்லை எரித்துச் சுண்ணாம்பு எடுத்த பழைய சூளை ஒன்றின் கற்சுவரும் நிற்கிறது. அதன் படத்தைக் காட்டியபோது, விளக்கம் எதுவும் சொல்லுமுன்னரே அம்மா, "இது சுண்ணாம்புச் சூளையெல்லோ" என்றார். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லும் கடலில் பிறந்ததுதான், வயதில் மிக இளையதாயினும். கிணறு வெட்டும்போது அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது தெரிந்த பொருளாக இருந்தது.

போகுமுன் சில விடயங்கள். இணையத்தில் நாளும் நேரமும் பதிவுசெய்துகொண்டு போங்கள். குளிர்கால வாரவிடுமுறைகளிலும் மார்ச் விடுமுறை வாரத்திலும் மலை நிறைந்துவிடும். முடிந்தால் வாரநாள் மாலையில் போவதே நல்லது. சரிவுகளில் விளக்கு இருப்பதால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம். பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் அணிவிக்க வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். நீர் புகாத காற்சட்டை, நீர் புகாத கையுறை, மெல்லிய கம்பளிக் காலுறை ஒரே ஒரு சோடி, மாற்றுடை ஒரு பை: இவை போதும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், கனடிய ஸ்கீ மன்றம் வழங்கும் ஸ்னோபாஸ் அட்டையைப் பற்றி விசாரியுங்கள். நாடு முழுவதும் பல மலைகளில் அது செல்லுபடியாகும், அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும்.

சறுக்கக் கற்றுக்கொண்ட பதின்மவயதினர் இரண்டு மூன்று பருவங்களில் இந்த மலையின் எல்லாப் பாதைகளையும் அறிந்துவிடுவார்கள். என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. ஆண்டில் ஒரு தடவையாவது புளூ மவுண்டனுக்குக் கூட்டிப்போகும்படி கேட்கிறாள். அது நியாயமான ஆசைதான். ஆனாலும் வாரநாள் மாலையில் இருபத்தைந்து நிமிடக் கார்ப் பயணத்தில் போய்வரக்கூடியது கிளென் ஈடன்தான். பருவத்துக்கு ஒரு நாள் பெரிய மலையில் இறங்குவதைவிட, பதினைந்து மாலைகள் சிறிய மலையில் இறங்குவதுதான் அவளுடைய சறுக்கலைத் திருத்தியது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு பருவங்களும் நான் அடிவாரக் கட்டடத்தில், எல்லோருடைய மேலங்கிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பருவத்தில், நாற்பத்து மூன்று வயதில், பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். அந்த வகுப்பில் என்னோடு நின்ற ஐவருள் நால்வர் என் வயதினர் அல்லது என்னிலும் மூத்தவர்கள். பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமை மாலை ஒன்றில், பச்சைக் குறியிட்ட பாதையில், மகள் முன்னே இறங்க நான் பீட்சாவில் அவளுக்குப் பின்னே இறங்கினேன். அவள் கீழே போய் நின்று திரும்பி, நான் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.